முப்பத்தோராம் நாள்

– "மூச்சு இருக்கா?" ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினா உங்க முதல் கேள்வி அதுதானே மாமா? நீ சாப்பிட்டியான்னு ஒரு நாள்கூட என்னைக் கேட்டதில்ல.

– அடிபட்டுக் கெடந்த மருமகனைப் பத்தி வேற என்னத்தைக் கேக்கச் சொல்றே? அக்கா, உன் பொண்ணைப் பாரு. சாப்பிட உக்காந்தவனை விசாரிக்கிறா.

– அவளை விடு தம்பி. அண்ணன் போனதுல இருந்தே இப்படித்தான். நீ சாப்பிடு, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா? அன்னைக்கு நீ ஓடிவந்து டாக்டர் கையைப் பிடிக்கலைன்னா, கடைசியா அந்த ஒரு நாள் எம்புள்ள முகத்தைப் பாத்திருப்பேனா?

– அந்த ஒரு நாளைப் பத்தித்தாம்மா கேக்கப் போறேன். மாமா, விபத்துக் கணக்கு டைப் அடிக்க என்னை உங்க ஆபீசுக்குக் கூப்பிட்டீங்கல்ல.

– கூப்பிட்டேன். எட்டாவதோட நின்ன புள்ள, வாயைத் தொறந்து நாலு வார்த்தை பேசத் தெரியாது, ஒரு வேலையாவது கத்துக்கட்டும்னு கூப்பிட்டேன். நீ டைப் அடிக்க வந்தியா, துப்பறிய வந்தியா?

– மூணு வருஷமா சாவு குறையுதுன்னு சுவர்ல பெருசா ஒரு படம் மாட்டியிருக்கீங்க. கோடு சறுக்குமரம் மாதிரி இறங்குது. பக்கத்துலயே காயம்பட்டவங்க கோடு ஏறுது. அந்தப் பட்டியலை நான்தான் அடிச்சேன். நாப்பத்தேழாவது பேரு அண்ணனோடது. பலத்த காயம்னு இருக்கு. அவன் செத்து அஞ்சு மாசம் ஆச்சு மாமா.

– அது விதி புள்ள. அடிபட்டு முப்பது நாளுக்குள்ள போனாத்தான் விபத்துச் சாவு. தாண்டிட்டா காயம். அந்த விதியை நானா எழுதினேன்?

– முப்பதாம் நாள் காலையிலயே மூச்சு மெஷினை எடுத்துடலாம்னாரு டாக்டர். அம்மாவும் தலையாட்டிட்டாங்க. அண்ணன் முதுகெல்லாம் புண்ணு. கிட்டப் போக முடியாத நாத்தம். பட்டது போதும்னுதான் தலையாட்டினாங்க. அப்பத்தான் நீங்க வந்தீங்க.

– பாசம் இருக்காதா எனக்கு? அவனைத் தோள்ல தூக்கி வளத்தவன்டி நான்.

– அந்த முப்பது நாள்ல நீங்க ஆஸ்பத்திரிக்குள்ள கால் வெச்சது அன்னைக்கு மட்டும்தான். போன் தினமும் வரும். இருபத்தஞ்சு நாள் வரைக்கும் ஒரு வேளை, அப்புறம் மூணு வேளை. இதோ, இந்த நோட்டுல நேரத்தோட குறிச்சிருக்கேன். மாமாவுக்கு எவ்வளவு அக்கறைன்னு நெனச்சு எழுதினேன். இப்ப படிச்சாத்தான் எதுக்குன்னு புரியுது.

– ஏய், பாத்துப் பேசு.

– அவன் அடிபட்ட நாலுமுனை ரோட்டுல மூணு வருஷத்துல ஒன்பது சாவு. பத்து ஆயிட்டா சிக்னல் போட்டே ஆகணும்னு உங்க ஃபைல்லயே இருக்கு. அண்ணன்தான் பத்தாவது.

– ஆமா, பத்தாவதுதான். பத்துன்னு போனா மேல இருக்கறவங்க எங்க ஆபீசரைக் கேப்பாங்க, அவரு என்னைப் பிடிச்சுக் கிழிப்பாரு. எப்படியும் போறவன். ஒரு நாள் முன்னே பின்னே ஆனா அவனுக்கு என்ன தெரியப்போகுது?

– அன்னைக்குப் பூரா அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுது மாமா. அம்மாதான் காலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

– முடிஞ்சதை ஏன் கிளறுறே?

– எங்க முடிஞ்சுது? என் தங்கச்சி குட்டி ஸ்கூலுக்கு தினமும் அந்த ரோட்டைத்தான் தாண்டுறா. ஒரு நாள் தள்ளிப்போடச் சொன்னது நான்தான்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சிக்னலுக்கு நான் அலைஞ்சுக்கறேன்.

– எழுதினா என் உத்தியோகம் போயிடும். குட்டியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா ஆச்சு. அக்கா, நீயாவது இவகிட்ட சொல்லேன். உனக்கும் ஒரு நாள் கூடுதலாக் கிடைச்சுதில்ல?... அக்கா? தட்டை ஏன் எடுக்கறே, நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கலையே. செருப்பை மாட்டிக்கிட்டு எங்க கிளம்பிட்டே? குட்டியைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கே. அக்கா, அது என் ஆபீசுக்குப் போற வழி... அக்கா, அந்த நோட்டு எதுக்கு உன் கையில?