பெஞ்சில் பத்து நிமிடம்

ஒடாஹுஹு நிலையத்தில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே அமர்ந்தார்கள்.

"நேற்று எங்கட கம்பனி டைரக்டர் என்னை பெஞ்சில இருத்திப்போட்டார், அக்கா," என்றாள் இளையவள், யாழ்ப்பாணத் தமிழில். இவ்வளவு சந்தோஷமாக இப்படியொரு விஷயத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"பெஞ்சா? ஆபீஸ்லயா?" என்றாள் மூத்தவள்.

"அவர் பிலிப்பைன்ஸ்காரர். முந்தி அங்க பாஸ்கெட்பால் கோச். நேற்று கஸ்டமர் மீட்டிங்கில நான் வேற கஸ்டமரின்ட ஸ்லைடைப் போட்டிட்டன். அவர் கையால டைம்-அவுட் காட்டி, என்னைப் பக்கத்துக் கதிரையில இருத்தி, தண்ணிப் போத்தலைத் தந்திட்டுத் தானே கதைச்சார்."

"வேலை போச்சுன்னு நெனச்சிருப்பியே."

"ஓம். என்ட விசாவே இந்த வேலையிலதான் இருக்கு. ஆனா பத்து நிமிசத்துக்குப் பிறகு, 'இப்ப நீ திரும்ப ஆட இறங்கு' எண்டார். மிச்சத்தை நான்தான் கதைச்சு முடிச்சன்."

"திட்டவே இல்லையா?"

"இல்ல. பிழை விட்ட ஆக்களை அந்த மேட்ச் முடியிறதுக்கு முதல் திரும்ப இறக்கோணுமாம். இல்லாட்டி அந்தப் பிழையோடதான் வீட்ட போவினமாம். நேற்று நான் நல்லா நித்திரை கொண்டன், அக்கா. அந்த மனுசன் நல்லா இருக்கோணும்."

மூத்தவள் மெதுவாகச் சொன்னாள்:

"எங்க டீம்ல ஒரு பொண்ணு மார்ச்ல ஒரு தப்பு பண்ணிட்டா. அதுலேர்ந்து அவளை கஸ்டமர் முன்னாடி நான் பேசவே விட்டதில்ல."

ரயில் நகர மையத்தை நெருங்கும்போது மூத்தவள் அந்த டீம் பெண்ணையே கைப்பேசியில் அழைத்தாள்.

"குட் மார்னிங்மா. இன்னிக்குப் பத்து மணி மீட்டிங்ல நீயே பேசு."