ஆருட பாலோ

செட்டிபாளையத்தில் பஸ் ஏறிய பெண்கள் இருவர் என் முன்சீட்டில் இருந்தார்கள். மூத்தவரின் பையில் சுறாமீன் வறை மணந்தது.

"தங்கச்சிட குறைமாசப் புள்ளைக்கு ஆருட பாலையோ குடுக்காங்க. வருத்தம் கிருத்தம் தொத்தினா?" என்றார் மூத்தவர்.

"ஆசுபத்திரியில ரத்தம் சோதிச்சு, பாலையும் சூடாக்கித்தான் குடுப்பாங்க மச்சாள். சோதிக்காம நாமளா வாங்கிக் குடுத்தாத்தான் பயம்."

கல்லடிப் பாலத்தில் இளையவர் பையை எட்டிப் பார்த்தார்; உள்ளே இரண்டு பார்சல்கள்.

"உங்கட தங்கச்சிக்குப் பால் ஊற ஒரு பார்சல் போதுமே. மற்றது ஆருக்கு?"

"பால் தந்த புள்ளைக்கு."

"ஆரெண்டே தெரியாதெண்டீங்க?"

"நேர்சுக்குத் தெரியுந்தானே. அவவும் பச்சை உடம்புக்காரி, தின்னட்டுங்கா. நம்மட புள்ளைக்கும் சேத்தெல்லுவா சுரக்கணும்."