மார்கழி எண்ணெய்

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். இது உங்களுக்கும் தெரிந்ததுதான், மேடம். பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. விரலை விட்டோ சீப்புக் காம்பாலோ நோண்டித்தான் எடுக்க வேண்டும். உறைந்த எண்ணெய் வெள்ளையாக இருக்கும். அதில் வெள்ளையாக வேறு எதைக் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நான் சொல்ல வேண்டியதில் பாதி இதிலேயே அடங்கிவிட்டது. மீதியையும் சொல்லிவிடுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லையே?

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் எங்கள் பயிற்சி நிலையம் இருந்தது. விமானப் பணிப்பெண் பயிற்சி என்று வாசலில் பெரிய போர்டு. 2008-ல் நான் சேர்ந்தேன். காணை, பெருமுக்கல், மரக்காணம் பக்கம் என்று எங்கெங்கிருந்தோ ப்ளஸ் டூ முடித்த பெண்கள் வந்திருந்தோம். விமானம் தரையில் நிற்பதை எங்களில் ஒருத்திகூடப் பார்த்ததில்லை. தலைக்கு மேலே போவதைத்தான் பார்த்திருந்தோம்.

நடத்தியவர் நெடுஞ்செழியன் சார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "கம்பெனிக்காரங்க ஒருத்தர் ரெண்டு பேர எடுக்க வர மாட்டாங்க. பேட்ச்சா எடுப்பாங்க. எல்லாரும் ஒரே அச்சுல இருக்கணும். ஒருத்தி மாறிக்கினு நின்னா எல்லாரும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

ஒரே அச்சு என்றால் ஒரே கொண்டை, ஒரே புருவம், ஒரே அளவுச் சிரிப்பு. இதெல்லாம் பழகினால் வந்துவிடும். நிறம்தான் சிக்கல். கீழே பெயிண்ட் கடையில் சுவருக்கு அடிக்கும் நிறங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஷேட் கார்டு இருக்கும் அல்லவா? சார் அதில் ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். சந்தனத்துக்கும் பாலுக்கும் நடுவில் ஒரு நிறம். திங்கட்கிழமை தோறும் நாங்கள் வரிசையில் நின்று, அந்த அட்டைக்குப் பக்கத்தில் மணிக்கட்டைக் காட்ட வேண்டும். அந்த நிறத்தோடு சேருகிற வரைக்கும் பூசிக்கொள்ள பெயர் ஒட்டாத சின்ன டப்பாவில் ஒரு க்ரீம் கொடுப்பார்கள்.

எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஒருத்தி கேட்டே விட்டாள். சார் சிரித்துக்கொண்டு, "பிளேன்ல போறவனுக்கு உன் பேரு எதுக்கும்மா?" என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

என் மணிக்கட்டு எல்லோருக்கும் முன்னால் அட்டையோடு சேர்ந்துவிட்டது. அதனால் என்னை லீடர் ஆக்கி, அட்டையை என் கையில் கொடுத்தார். நாங்கள் தங்கியிருந்த விடுதியில் யார் முகம் கழுவி க்ரீமை எடுத்துவிடுகிறாள், யார் வெயிலில் துணி காயப்போடுகிறாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என் வேலை. நான் மட்டும் பார்த்ததாக நினைக்காதீர்கள். அங்கே எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருத்தி சீக்கிரம் வெளுத்தால் தனியாக எதையோ பூசுகிறாள் என்று சந்தேகம். வெளுக்காவிட்டால் பூசுவதே இல்லை என்று சந்தேகம். குளியலறையில் கொஞ்சம் நேரம் ஆனால் வெளியே நாலு பேர் காதை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

என் வீடு திண்டிவனம். வீட்டில் என்னைக் கோதண்டபாணி மாமாவுக்கு இரண்டாம் தாரமாகப் பேசி வைத்திருந்தார்கள். மாமாவின் மூத்த பெண் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தவள். வேலை கிடைத்தால் கல்யாணம் கிடையாது என்று அப்பாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். பேட்ச் கலைந்தால் எனக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அம்சா என் அறையில் இருந்தவள். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம். அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். நல்ல உயரம், நல்ல கறுப்பு. சிரித்தால் மாடிப்படி வரைக்கும் கேட்கும். அளவாகச் சிரிக்கச் சொன்னால் அதற்கும் சேர்த்துச் சிரிப்பாள். க்ரீம் டப்பாவை முதல் வாரமே என்னிடம் திருப்பித் தந்துவிட்டாள்.

"இத்த நீயே பூசிக்கோடி. நான் கரையில நின்னா எங்கப்பா கடல்லருந்தே கண்டுபுடிச்சிடுவாரு. மூஞ்ச மாத்திக்கினு நின்னேன்னு வையி, யாரோன்னு வேற கரைக்குப் போயிடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் தன் முகமே தனக்குப் போதும் என்று சொல்கிற பெண்ணை என்னால் நம்ப முடியவில்லை. எதையோ மறைக்கிறாள் என்றுதான் தோன்றியது. அவள் இல்லாதபோது அவள் பெட்டியைச் சில தடவை திறந்து பார்த்தேன். இரண்டு சுடிதார், கருவாட்டுப் பொட்டலம் ஒன்று, அவள் அம்மா காய்ச்சிக் கொடுத்த தேங்காய் எண்ணெய் ஒரு ஊறுகாய் பாட்டிலில். வேறு எதுவும் இல்லை. அந்த எண்ணெயைத்தான் தினமும் படுக்கும் முன் முகத்துக்கும் கைக்கும் தேய்த்துக்கொள்வாள். உப்புக் காற்றில் வளர்ந்த தோல், இல்லாவிட்டால் வெடித்துவிடும் என்பாள்.

அவள் என் தோழிதான். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்து, ஊதி ஊதிக் கொடுத்தவள் அவள்.

கார்த்திகையில் சென்னையிலிருந்து கம்பெனி சார்பில் ஒரு அம்மாள் எங்களைப் பார்க்க வந்தார். வரிசையில் நின்றோம். கடையில் தட்டுகளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே வந்தவர் அம்சா முன்னால் நின்றுவிட்டார்.

"உன் பேர் என்னம்மா?"

"அம்சாங்க."

"நல்லா சிரிக்கிறியே" என்றார். அவ்வளவுதான். வரிசையை முடித்துக்கொண்டு, மறுபடி சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் சில பெண்கள் க்ரீம் பூசாமல் வந்து நின்றார்கள். சார் என்னைக் கூப்பிட்டார். "லீடரு, ஒருத்தி கலைஞ்சா பேட்ச்சே கலைஞ்சிடும். நீதான் பாத்துக்கணும்" என்றார். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவர் மேல் பழியைப் போடுவது சரியாகாது.

மார்கழி பிறந்தது. எண்ணெய் உறைந்தது. அவள் திருப்பித் தந்த டப்பாக்கள் என்னிடம்தான் சேர்ந்துகொண்டிருந்தன. சீப்புக் காம்பால் கிளறிக் கலந்து, மேலே விரல் தடம்கூட அவள் விட்டது போலவே வைத்தேன். இதில் ஒரு வசதி என்னவென்றால், அவளுக்குப் பிடிக்காத எதையும் செய்யச் சொல்லி நான் அவளைக் கட்டாயப்படுத்தவே இல்லை. அவள் எண்ணெயை அவளேதான் தேய்த்துக்கொண்டாள்.

தை பிறப்பதற்குள் வெளுக்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கே ஆச்சரியம். "தண்ணி மாறுனதால இருக்கும்டி" என்று கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மற்றவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால், வாய் கிழியப் பேசிக்கொண்டு திருட்டுத்தனமாகப் பூசுகிறாள் என்றார்கள். அந்தப் பேச்சை நான் கிளப்பவில்லை. தடுக்கவும் இல்லை. அவளைப் பார்த்து க்ரீமை விட்டவர்கள் அத்தனை பேரும் மறுபடி டப்பாவைத் திறந்தார்கள். பேட்ச் பழையபடி ஆனது. அப்போது எனக்கு இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பொங்கல் முடிந்து வந்தபோது அவள் கால் வீங்கியிருந்தது. செருப்பு வார் அழுந்திய தடம் மறையவில்லை. காலையில் கண் இமை உப்பிக்கொண்டது. சார் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டார். சமையல் செய்த லூர்துமேரி அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார். அக்கா படியில் உட்கார்ந்து, "நான் இன்னாம்மா பண்ணேன்?" என்று என்னைப் பார்த்துத்தான் அழுதார். எனக்கு அக்கா மேல் எந்த வருத்தமும் கிடையாது.

அம்சாவை டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். தேவநாதன் என்று ஒரு பெரியவர். சிறுநீர் சோதித்த சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"முகத்துக்கு ஏதாவது க்ரீம் போடுறியாம்மா? வெளுக்கிறதுக்கு?"

"இல்லீங்க சார்."

"பயப்படாதே. சில க்ரீம்ல இருக்கிற மருந்து கிட்னியைக் கெடுத்துடும். போட்டுக்கிட்டு இருந்தா சொல்லிடு, இன்னைக்கே நிறுத்திட்டா சரியாகிடும். நிறுத்தலைன்னா உயிருக்கு ஆபத்து. உண்மையைச் சொல்லு."

"சத்தியமா இல்ல சார்." அம்சா என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லுடி. ஒரே ரூம்லதான படுத்துக்கினு இருக்கோம். நான் போடுறேனா?"

தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியாது சார்" என்றேன். தோழியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாதவள் எப்படிச் சொல்வாளோ, அப்படி. டாக்டர் பெருமூச்சு விட்டார். அதற்குமேல் அவள் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில், "ஏன்டி அப்டி சொன்ன?" என்று கேட்டாள். டாக்டரைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்றேன். "சரி, வுடு" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமும் கலந்தேன். கம்பெனிக்காரர்கள் வருகிற நேரம் நெருங்கியிருந்தது. பாதியில் விட்டால் செய்த அத்தனையும் வீணாகிவிடும்.

மாசியில் அவள் அம்மா காந்திமதி வந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். பெட்டியும் எண்ணெய் பாட்டிலும் கூடவே போயின. அந்த மாதம் முடிவதற்குள் அம்சா இறந்துபோனாள். நாங்கள் எல்லோரும் வேனில் குப்பத்துக்குப் போனோம். வாசலில் கிடத்தியிருந்தார்கள். அவள் அப்பா கொஞ்சம் தள்ளி, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது நான் குனிந்து மாலையைச் சரிசெய்தேன். அட்டை என் உள்ளங்கையில் இருந்தது. அவள் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சேர்ந்திருந்தது. அவளுக்காக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதன் பிறகுதான் அழுதேன்.

பங்குனியில் கம்பெனி வந்தது. பேட்ச் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டது. விமானத்துக்கு இல்லை, சென்னையில் ஒரு ஜவுளிக்கடைக்கு. வரிசையாக நின்று சேலை விரித்துக் காட்ட வேண்டும். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாமாவுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள்.

சித்திரை வெயில் வரும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த தவறு. வெயிலில் எண்ணெய் உருகிவிட்டது. மகள் ஞாபகமாக அலமாரியில் வைத்திருந்த பாட்டிலைக் காந்திமதி அம்மாள் பார்த்திருக்கிறார். மேலே எண்ணெய் தெளிவாக நின்றது. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. அதைப் பையில் போட்டுக்கொண்டு, நான் வேலை செய்த கடைக்கே வந்துவிட்டார். திட்டவில்லை. பாட்டிலைச் சேலைகளுக்கு நடுவே வைத்தார்.

"என் கையால காய்ச்சின எண்ணெம்மா இது. இதுல மண்டி ஏறாது. என் பொண்ணு உன்கிட்டதான படுத்துக்கினு இருந்தா? நீ சொல்லு, இது இன்னா?"

அவரிடமும் தெரியாது என்றுதான் சொன்னேன். அங்கிருந்து நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறார். பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். அது திரும்பி வரும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். கலந்தது நான். டாக்டர் சொன்ன பிறகும் கலந்தது நான்.

பொறாமையா என்று கேட்டீர்கள். இல்லை, மேடம். எதற்குப் பொறாமைப்பட வேண்டும்? என் மணிக்கட்டு முதலில் சேர்ந்தது. அட்டை என் கையில் இருந்தது. அன்று அந்தச் சென்னை அம்மாள் வந்தபோது அம்சாவுக்கு அடுத்து நின்றவள் நான்தான். அவளிடம் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துபோனார். நான் அளவு தப்பாமல் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று நீங்கள் என்னை உட்காரச் சொல்லி முதலில் கேட்டது என் பெயரை. நான் வாயைத் திறக்காததால் அழுத்தக்காரி என்று நினைத்திருப்பீர்கள். அப்படி இல்லை. கலையரசி, மேடம். நேற்றே சொல்லியிருப்பேன். இன்னொரு தடவை கேட்பீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.