மூன்றாவது டப்பா

உச்சிப்பொழுது. மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். ராத்திரியில்தான் பேய் வரும் என்று யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறார்கள்... இது பட்டப்பகலில் நடந்தது. லைட்டை அணைக்கச் சொன்னது நான்தான். பயமாக இருந்தால் பக்கத்தில் இருக்கிறவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் கையைப் பிடிக்க வேண்டாம், நானே நடுங்கிக்கொண்டுதான் சொல்லப் போகிறேன்.

செக்கானூரணியைத் தாண்டி ஒரு மண்ரோடு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை. அதில் தனியாக ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாள் ஆன்சி, என் கூட்டாளி ராயப்பனின் தங்கை. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காசநோய் ஆராய்ச்சியில் வேலை. மருந்து சாப்பிடுகிறவர்களை மாதாமாதம் ஊரிலேயே போய்ப் பார்க்க வேண்டும். மூடி போட்ட சின்ன டப்பாவில் சளி வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுவர வேண்டும். மருந்து கேட்கிறதா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

தைரியசாலிதான். அவளுக்கு ஒரே ஒரு பயம்... பசுமலை வீட்டில் கைக்குழந்தை ஜோ. தினமும் காலையில் வசம்பு உரசி அவன் நாக்கில் தடவிவிட்டுத்தான் கிளம்புவாள். இந்தச் சீக்கை நாமே கொண்டுபோய் அந்தப் பிஞ்சு நெஞ்சில் வைத்துவிடுவோமோ என்று உள்ளுக்குள் உதறல். சாயந்தரம் குளித்து உடுப்பு மாற்றாமல் பிள்ளையைத் தொடமாட்டாள்.

அன்றைக்கு அவள் பார்க்கப் போன ஆள் பேயாண்டி. சிரிக்காதீர்கள், அது அவர்கள் குலசாமி பேர். தோட்டக்காரர், நல்ல மனுஷன். மருந்து ஆரம்பித்த அன்றே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"தாயி, வீட்டுப் பக்கம் மட்டும் வந்துராத. மகளுக்குச் சம்பந்தம் பேசியிருக்கேன். இந்தச் சீக்குன்னு தெரிஞ்சா மாப்ள வீட்டுக்காரங்க ஓடிருவாங்க."

"வீட்டுல இருக்கவங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும்ண்ணே."

"கல்யாணம் முடியட்டும் தாயி. அம்புட்டுப் பேரையும் நானே கூட்டியாறேன்."

இந்த வேலையில் இது புதிதில்லை. அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் பஸ் ஸ்டாப்பில் வா, கோயிலுக்குப் பின்னால் வா என்பார்கள். அங்கேதான் போய்ப் பார்க்க வேண்டும். பேயாண்டி சொன்ன இடம் அவர் தோட்டத்துக் கிணற்றடி மோட்டார் ரூம். வீட்டு ஆட்களைச் சோதிக்காமல் விடுவது தப்பு என்று ஆன்சிக்குத் தெரியும்... ஆனால் பெண்ணைப் பெற்றவர் கும்பிட்டுக் கேட்கிறாரே. விட்டுவிட்டாள்.

போன் போட்டும் அவர் எடுக்கவில்லை. சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று வந்தவள் வண்டியை நிறுத்தினாள். மோட்டார் ஓடவில்லை. குருவிச் சத்தம்கூட இல்லை. கிரீஸ் வாடையோடு இன்னொரு வாடை வந்தது... வாடிப்போன சம்பங்கி மாலை வாடை.

பேயாண்டி ரூம் நிழலில் நின்றுகொண்டிருந்தார். வாயைத் துண்டால் பொத்தியிருந்தார். அப்படிப் பொத்தச் சொல்லிக் கொடுத்ததே ஆன்சிதான்.

"என்னண்ணே, இம்புட்டு மெலிஞ்சிட்டீங்க?"

கையை மட்டும் நீட்டினார். டப்பாவைக் கொடுத்தாள். காற்றோட்டமான இடத்தில் தள்ளிப்போய்த்தான் இரும வேண்டும் என்பது அவர்களுடைய விதி. வழக்கம்போல ரூமுக்குப் பின்னால் போனார்.

இருமல் கேட்டது... பொடிப்பொடியாக இரண்டு. பிறகு மூச்சை இழுக்கும்போது மெல்லிசாக ஒரு விசில்.

அது ஆம்பளை இருமல் இல்லை. ஒரு சின்னப் பெண்ணின் இருமல்.

திரும்பி வந்து டப்பாவை நீட்டினார். கையில் வாங்கினால் சூடாக இருந்தது. வெயில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வண்டியைத் திருப்பியவள் பின்னால் பார்க்கவே இல்லை.

இரண்டு நாளில் லேபிலிருந்து சொன்னார்கள். சளி முழுக்கக் கிருமி. போன மாதம் சுத்தமாக இருந்த மனுஷனுக்கா? மறுபடி போன் போட்டாள். இந்தத் தடவை அவர் மனைவி அன்னக்கொடி எடுத்தாள்.

"அவரா? நெஞ்சுவலியில போயிட்டாரும்மா. இன்னைக்குக் கருமாதி, பதினாறாம் நாளு. நீங்க யாரு?"

ஆன்சி போனை வைத்துவிட்டாள். முந்தாநாள் தன் கையில் டப்பாவைக் கொடுத்தது யார் என்று எந்த வாயால் கேட்பாள்?

கொடுத்த வாக்கை மீறி அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள் அறையிலிருந்து கேட்டது... பொடிப்பொடியாக இரண்டு. மெல்லிசாக ஒரு விசில். அதே இருமல்.

"மக முனீஸ்வரிதாம்மா. ஒண்ணுமில்ல, தூசி ஒத்துக்கல" என்றாள் அன்னக்கொடி.

தூசி இல்லை. காசநோய்தான், நல்லவேளை முற்றுவதற்குள் பிடித்துவிட்டார்கள். மருந்து தொடங்கினார்கள். கல்யாணம் தள்ளிப்போனதே தவிர, நிற்கவில்லை. இதோடு கதை முடிந்திருந்தால், செத்தும் மகளைக் காப்பாற்றிய நல்ல ஆத்மா என்று நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த மாதம். ஆன்சி மோட்டார் ரூம் பக்கமே போகவில்லை. முனீஸ்வரியிடம் வீட்டிலேயே ஒரு டப்பா வாங்கினாள். திரும்பும் வழியில் பழங்காநத்தத்தில் ஒரு பெரியவரிடம் இன்னொன்று. நேரே லேபுக்கு வந்து ஐஸ் பெட்டியைத் திறந்தாள்.

மூன்று டப்பா இருந்தது.

மூன்றாவதில் பேர் எழுதவில்லை. ஐஸ் மேல்தான் உட்கார்ந்திருந்தது... தொட்டால் சூடு. அதோடு வாடின சம்பங்கி வாடை. மூடியை லேசாகத் திருகினாள். சளி இல்லை. வெள்ளையாக, திரிதிரியாக ஏதோ... புளித்த தாய்ப்பால் வாடை. கூடவே வசம்பு வாடை.

பெட்டியைத் திறந்தபடி போட்டுவிட்டு மாமியார் பாக்கியமேரிக்குப் போன் போட்டாள்.

"அத்த, ஜோ என்ன பண்றான்?"

"இப்பத்தான் தூங்குனான். ரெண்டு நாளா லேசா இருமுறான்ல, தூசியாத்தான் இருக்கும். அதான் நீயே ஆள் அனுப்பியிருந்தியே."

"நான் யாரையும் அனுப்பலயே அத்த..."

"டப்பாவோட வந்தாரேம்மா ஒருத்தரு. புள்ள கக்குன பாலப் புடிச்சுக்கிட்டுப் போனாரு. வெயில்ல நிக்கிறாரேன்னு உள்ள வாங்கன்னேன். வீட்டுக்குள்ள வர மாட்டேன் தாயின்னு வாசல்லயே நின்னுட்டாரு... வாயில துண்டப் பொத்திக்கிட்டு."