சிறந்த நிர்வாகியே, சற்று உட்காருங்கள்!

இரண்டு நிமிடம் மட்டும் பேசுவதாகச் சொல்லி எழுந்து, எதிரே இருந்தவர்களை எல்லாம் எழுந்து போகும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு இப்போது களைத்து அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! ஊருக்கெல்லாம் மைக் கட்டி, உலகத்தின் உளறல்களை எல்லாம் முதல் ஆளாகக் கேட்டுக் காது மரத்துப்போன ஒலி ஒளி அமைப்பாளர் சங்கத்துச் சகோதரர்களே! பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! தூங்குவதற்கென்றே வந்திருக்கும் பெரியோர்களே! இந்த ஆண்டின் 'சிறந்த நிர்வாகி' என்ற கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் நெருப்பு வைத்ததுபோல் நெளிந்துகொண்டிருக்கும் விழா நாயகர், என் வீட்டுக்காரர் அவர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

கணவரைப் பாராட்டிப் பேச மனைவியை அழைத்திருக்கிறீர்கள். உங்கள் துணிச்சலை முதலில் பாராட்டுகிறேன்!

நிர்வாகி என்கிறீர்களே, யார் நிர்வாகி? எங்கள் கம்பெனியில் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். அரங்கத்தில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் யார் ஏணியில் ஏறுவார்? இவர்! கீழே நின்று ஏணியைப் பிடிப்பவர் எத்தனை பேர்? ஆறு பேர்! ஆறு பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அதில் ஒருவன் அழகாகக் கொட்டாவி விடுவான். அதே நேரம் அலுவலகத்தில் என் முன்னால் ஃபோன் அலறும். "அம்மா, நாங்க இன்னொரு மண்டபத்துலேர்ந்து பேசறோம். வண்டி இன்னும் வரலியே?" வண்டியை அனுப்ப வேண்டியவர் எங்கே? ஏணியில்! ஆட்களைப் பிரித்து விட வேண்டியவர் எங்கே? ஏணியில்! "ஐயா மேல இருக்காங்க" என்று நான் சொன்னதைக் கேட்டு ஒரு புண்ணியவான் துக்கம் விசாரித்துவிட்டு ஃபோனை வைத்தார்!

சிரிக்கிறீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை.

"இனி நீங்க நிர்வாகம் பாருங்க" என்று சண்டை போட்டு, சுழல் நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டேன். உட்கார்ந்தார். உடல்தான் உட்கார்ந்தது, கை உட்கார்ந்ததா? ஃபோனை எடுத்தார். "வயர் இழுத்தாச்சா? எந்தப் பக்கமா இழுத்தே? ஏன் அந்தப் பக்கம்?" பையன்கள் ஒரு கையில் வயரும் ஒரு கையில் ஃபோனுமாகத் தவித்தார்கள். ஏணியில் இருந்தபோதாவது ஒரு பல்பு எரிந்தது. நாற்காலிக்கு வந்தபிறகு ஆறு பேர் வயிறும் எரிந்தது!

என்ன முறைக்கிறீர்கள்? பொய்யா சொல்கிறேன்? பாருங்கள், முன்வரிசையில் நம் ஆட்களே கைதட்டுகிறார்கள்.

அதோ, அரங்கத்தின் கடைசியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேசையில் நிற்கிறாளே ஒரு பெண், அவளை நாங்கள் 'பியூஸ்' என்று கூப்பிடுவோம். கோபம் வந்தால் சட்டென்று போய்விடுவாள். தொழில் முழுவதையும் இவரிடம்தான் கற்றாள். நாற்காலியில் இருப்புக்கொள்ளாமல் அரங்கத்துக்கு ஓடும்போதெல்லாம் இவர் போய் நிற்பது அவள் பின்னால்தான். போன வாரம் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அண்ணி, நான் எந்தப் பட்டனைத் தொட்டாலும் பின்னாடியிருந்து அண்ணன் கை வந்து அதையே தொடுது. நான் செஞ்சது சரியா தப்பான்னுகூட எனக்குத் தெரியமாட்டேங்குது. அடுத்த தெரு கம்பெனியில கூப்பிடறாங்க. நான் கெளம்பறேன்."

தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவள் அவள். கெஞ்சினேன். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். "சங்க விழாவுக்கு நான்தான் மைக். நான் கூப்பிடாம அண்ணன் நாற்காலிய விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தார்னா, நாளைக்கு நான் அடுத்த தெருவுல."

அன்பார்ந்த அவையோரே, இவர் ஏன் நெளிகிறார் என்று இப்போது புரிகிறதா?

ஆகவே நான் கேட்கிறேன், தொழில் தெரிந்தவன் தலைவனாவது... ஐயோ! என்ன சத்தம் இது! மைக் ஊளையிடுகிறது. உட்காருங்கள்! உங்களைத்தான்! தலைவர் அவர்களே, அவர் சட்டையைப் பிடியுங்கள்! தாய்மார்களே, காதைப் பொத்திக்கொள்ளுங்கள், கண்ணை மட்டும் இவர்மேல் வையுங்கள்! பாதி எழுந்துவிட்டார், பாருங்கள், முழங்கால் மடங்கியபடியே நிற்கிறது. நிற்பதா உட்காருவதா என்று அந்த முழங்காலுக்கே தெரியவில்லை!

சரி. சத்தத்தைக் குறைத்துவிட்டாள். மைக்கே இல்லாமல் பேசுகிறேன், கேட்கிறதா? கேட்கவில்லையா? வீட்டில் என் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும், கவலைப்படாதீர்கள்! இவர் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. கேடயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார். என்னங்க? என்ன சொல்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள், அவள் காதில் விழட்டும்!

கேட்டீர்களா, பெரியோர்களே? இவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கை வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "பியூஸு, நான் ஏதாச்சும் செய்யணுமாம்மா?"

இருங்கள், அவள் பதில் சொல்கிறாள். "ஆமாண்ணே! சாயங்காலம் நீங்க வந்து மேடைக்கு நல்லாக் கேக்கட்டும்னு ஒரு ஸ்பீக்கர் பெட்டியை மைக் பக்கமாத் திருப்பி வச்சீங்களே, அதான் ஊளையிடுது. நாங்க வச்ச எடத்துலயே வச்சிருங்க. ரெண்டு ஆள் கனம், உங்க தோள்தான் தாங்கும். வாங்க!"

அடடா! கைதட்டுங்கள், இன்னும் பலமாகத் தட்டுங்கள்! கூப்பிட்டுவிட்டாள்! கேடயத்தைத் தலைவர் மடியில் போட்டுவிட்டு ஓடுகிறார் பாருங்கள் என் மனுஷன்! தூக்கிவிட்டார். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்ணே" என்கிறாள், நகர்த்துகிறார். "போதும்ணே" என்கிறாள், நிறுத்துகிறார். நிறுத்துகிறார், ஐயா, நிறுத்துகிறார்! இருபது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், நான் 'போதும்' என்று சொல்லி இவர் நிறுத்தியதே இல்லை!

தலைவன் கையைக் கழுவ வேண்டாம். கட்டிக்கொள்ளவும் வேண்டாம். நான் கேட்பதெல்லாம், அந்தக் கை கூப்பிட்டால் வரட்டும், கூப்பிட்ட இடத்துக்கு வரட்டும், போதும் என்றால் நிற்கட்டும். உழைக்கத் தெரிந்த கைக்கு உதவத் தெரிய வேண்டும், ஒதுங்கவும் தெரிய வேண்டும். ஏறத் தெரிந்தவர்க்கெல்லாம் ஏணியைப் பிடிக்கவும் தெரிந்துவிட்டால், இந்தச் சங்கத்தில் ஒரு பிள்ளையும் அடுத்த தெருவுக்குப் போகாது!

மைக் வந்துவிட்டது. எவ்வளவு தெளிவாக இருக்கிறது என் குரல், எனக்கே ஆசையாக இருக்கிறது! பியூஸு, இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். நாளைக்கு வேலைக்கு வருவாயா, மாட்டாயா?

"வரேன் அண்ணி. அண்ணன் மட்டும் கொஞ்சம் லேட்டா வரட்டும்!"

கேட்டீர்கள் அல்லவா? அவரைத் தாமதமாக அனுப்பும் பொறுப்பு என்னுடையது. கதவைப் பூட்டியாவது வைக்கிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், காதைப் பொத்திக்கொண்டும் கேட்ட தாய்மார்களுக்கும், கேடயத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் தலைவருக்கும், என் குரலை எனக்கே திருப்பித் தந்த அந்தப் பெண்ணுக்கும் நன்றி சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்!