பூட்டிய அலமாரியில் இருந்த மருந்து

எங்கள் பள்ளி பட்டாபிராம் ஸ்டேஷனை ஒட்டி இருந்தது. ரயில் போகும்போது பாடத்தை நிறுத்தி, சத்தம் அடங்கியபின் தொடர்வோம். பதினோரு வருடம் அங்கே தலைமையாசிரியராக இருந்தேன். ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

வேம்புலி நாலாம் வகுப்பு. வலிப்பு வரும் பிள்ளை. 1994 ஜூனில் அவள் அம்மா அங்கம்மா ஒரு சின்ன மருந்துக் குழாயைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள்.

"அஞ்சு நிமிசத்துக்கு மேல இழுத்துக்கினே இருந்தா, இத்தப் பின்பக்கமா ஏத்திடணுமாம் சார். நான் அம்பத்தூர் கம்பெனில கீறேன். ஓடியாறதுக்குள்ள உசுரு பூடும்."

அடுத்த வாரம் ஒரு நர்ஸ் வந்து ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ரப்பர் பொம்மையை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காட்டினார். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாகம்மா டீச்சர் மட்டும் மூன்று முறை செய்து பார்த்தார். எனக்குக் கூசியது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்பிள்ளையின் பாவாடையைத் தூக்குவதா? ஊர் என்ன பேசும்? மருந்தை என் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேம்புலி விழுந்தாள். நாகம்மா என் அறைக்கு ஓடிவந்தார்.

"சாவி குடுங்க சார். நாலு நிமிசம் ஆயிடுச்சு."

"வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேம்மா."

சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

தானாக நின்றுவிடும் என்று நினைத்தேன். முன்பு இரண்டு தடவை நின்றிருக்கிறது. பத்து நிமிடத்தில் உதடு நீலமாகிவிட்டது. அப்போதாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான் சொன்னது பொய்யென்று தெரிந்துவிடும். நாகம்மா கல்லை எடுத்துப் பூட்டை உடைக்கப் போனார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிடியை, ஆட்டோ வந்து நிற்கும்வரை விடவில்லை. ரயில்வே கேட் திறக்கக் காத்திருந்தபோது பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது.

நாகம்மா டீச்சர் பயந்துபோய் மருந்து கொடுக்காமல் இருந்துவிட்டார் என்று விசாரணையில் எழுதிக்கொடுத்தேன். மற்ற ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் வேலை போயிற்று. சாவியைப் பற்றி அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அங்கம்மாவே அவரை வாசலில் நிறுத்தி மண்ணை வாரித் தூற்றினாள்.

பிறகு என்னிடம் வந்து கேட்டாள்: "கடைசில எம்பொண்ணு ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா சார்?"

"இல்லம்மா. மானத்தோட போய்ச் சேர்ந்தா" என்றேன்.

அது ஒன்றில் மட்டும் நான் பொய் சொல்லவில்லை, ஐயா.