கடிகாரம் நின்ற பதினோரு நிமிடம்

யுபிஎஸ் வீறிட்டு அடங்கியது. சதுரங்கப் போட்டியின் ஆறாவது ஆட்டம், இருபதாவது நகர்த்தல். மின்சாரம் போய்க் கணினியின் திரை இருண்டுவிட்டது. தலைமை நடுவர் நான். உடனே கடிகாரத்தை நிறுத்தினேன். கணினி மறுபடி உயிர் பெறப் பதினோரு நிமிடம் ஆயிற்று. மின்சாரம் போனது அதன் குற்றம் இல்லையே.

கணினியை எதிர்த்து ஆடிய கிராண்ட்மாஸ்டர், என் பள்ளித் தோழன், கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். "என்ன ரூல்சு, உங்க வீட்டு மாப்பிள்ளைக்கு மயக்கமா? சோடா வாங்கித் தரட்டுமா?"

போட்டியின் விதிகளை எழுதியவன் நான்தான், இன்ஸ்பெக்டர்; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் ஒரே நியாயம். ஆட்டம் முடியும்வரை வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரக்கூடாது. ஆட்டம் தொடங்குமுன்பே கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்தேன். அவன் சட்டைப்பையைக் காலி செய்தேன்: பேனா, கைபேசி, நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை டப்பா. எல்லாவற்றையும் என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

"அண்ணே, அந்த டப்பா மட்டும் அவர் கைக்கெட்டற மாதிரி இருக்கட்டும்" என்றாள் அவன் மனைவி.

"என்கிட்டதானேம்மா இருக்கு" என்றேன். பொய் இல்லை. நாலடி தூரம்தான்.

அவன்மேல் எனக்குப் பகை கிடையாது. பதினேழு வயதில் இருவரும் இறுதி ஆட்டம் ஆடினோம். எனக்குக் கடுங்காய்ச்சல், கட்டங்கள் மங்கின. ஐந்து நிமிடம் நிறுத்தலாமா என்று கேட்டேன். "கடிகாரம் யாருக்காகவும் நிக்காதுடா" என்றான். சரியாகத்தான் சொன்னான். அவன் பட்டம் வாங்கப் போனான். நான் நடுவராகப் போனேன். அதை நான் நினைப்பதுகூட இல்லை.

நாற்பத்தோராவது நகர்த்தலில் அவன் ஜெயிக்கும் நிலையில் இருந்தான். கையில் ஆறு நிமிடம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிராயரைக் காட்டினான். நான் விதித்தாளைக் காட்டினேன். எழப் பார்த்தான், முடியவில்லை. தலையைக் கையில் தாங்கிக் குனிந்தான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்த பார்வையாளர்கள், யோசிக்கிறான் என்று நினைத்தார்கள். கணினிக்காகக் காய் நகர்த்தும் பொறியாளர் திரையைவிட்டு நிமிரவே இல்லை.

ஆறு நிமிடமும் தீர்ந்தது. கணினிக்கு வெற்றி என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு டாக்டரைக் கூப்பிட்டேன். அதுதான் முறை. அவர் நாடி பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்று தலையசைத்தார்.

நடுவில் ஏதாவது பேசினானா என்று கேட்டீர்கள். பேசினான். அருகே போய்க் குனிந்தேன்.

"டேய்... கரண்டுக்கு நிறுத்தினியே. எனக்கு நிறுத்த மாட்டியா?"

டிராயர் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"கடிகாரம் யாருக்காகவும் நிக்காதுடா."